கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும்

(திரை இருட்டு. கதவை உடைக்கும் ஓசை. மெல்ல வெளிச்சம் வருகிறது.)

உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. கதவை உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கட்டிலில் ஒரு முதியவர் இறந்து கிடக்கிறார். கழுத்தில் காயம். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறது. வேறு வாசல் கிடையாது. அவருடைய மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இந்த ஒரே காட்சியை இரண்டு எழுத்தாளர்களிடம் கொடுத்துப் பார்ப்போம்.

(திரை இரண்டாகப் பிரிகிறது.)

முதலாமவர் துப்பறியும் கதை எழுதுபவர். அவர் கண் நேரே தாழ்ப்பாளுக்குப் போகிறது. கொலைகாரன் எப்படி வெளியே போனான்? இந்தக் கேள்விக்குக் கடைசிப் பக்கத்துக்குள் பதில் சொல்லிவிடுவதாக நமக்கு வாக்குக் கொடுக்கிறார். இரண்டாமவர் தீவிர இலக்கியம் எழுதுபவர். அவர் தாழ்ப்பாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தலைமாட்டில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்தும் மகனுக்கு ஏன் அழுகை வரவில்லை? அங்கேயே நாற்பது பக்கம் நிற்பார். இந்த மனிதனை விட்டு நகர மாட்டேன் என்பதுதான் அவருடைய வாக்கு.

இரண்டுமே நேர்மையான வாக்குகள். ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத கதைதான் மட்டமான கதை.

சரி, இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

(திரையில்: 1841)

எட்கர் ஆலன் போ அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு கதை எழுதுகிறார். பூட்டிய அறை, உள்ளே கொலை, அதை அறிவால் அவிழ்க்கும் ஒருவர். நவீனத் துப்பறியும் கதை அங்கே தொடங்குகிறது என்பார்கள். இந்த எட்கர் ஆலன் போவே ஒரு கவிஞர், விமர்சகர். அவருக்குள் இந்தச் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கும் முன்னால், 1818-இல், மேரி ஷெல்லி பிணங்களின் உறுப்புகளை ஒட்டி உயிர் கொடுத்த ஒருவனைப் பற்றி எழுதினார். அதைத் திகில் கதையாகவும் அறிவியல் புனைகதையாகவும் படிக்கலாம். படைத்தவனே கைவிட்டுவிட்டால் ஓர் உயிர் என்ன ஆகும் என்ற கேள்வியாகவும் படிக்கலாம்.

சுவர் எழுந்ததில் காகிதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரக்கூழில் செய்த மலிவான காகிதம் வந்தது. கதைப் பத்திரிகைகள் அதில் குவியல் குவியலாக அச்சாகின. காதல், கொலை, விண்வெளி என்று ஒவ்வொரு ரசனைக்கும் தனித்தனிப் பத்திரிகை. மலிவான தாளில் வந்ததெல்லாம் மலிவான எழுத்து என்று ஒரு பேச்சும் கூடவே வந்தது. காகிதம் போய்விட்டது, பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. 2014-இல் எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை தந்த பதக்கத்தை வாங்கும்போது, இவ்வளவு காலம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மிகுபுனைவு (ஃபேண்டஸி), அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் எல்லோரோடும் அதைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார்.

தமிழிலும் பார்க்கலாம். நவீனச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் புதுமைப்பித்தன்தான் ‘காஞ்சனை’ என்ற பேய்க்கதையையும் எழுதினார்.

(திரையில்: 1866)

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். தஸ்தாயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. ஆறு பாகமும் ஒரு பின்னுரையும் கொண்ட நாவல். கொலை முதல் பாகத்திலேயே நடந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்று நமக்குத் தெரியும், கூடவே நின்று பார்த்தோம். துப்பறியும் கதையின் கணக்குப்படி அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனோடு பேச உட்காரும் ஒவ்வொரு முறையும் நமக்கு மூச்சு முட்டுகிறது. மாட்டிக்கொள்வானா? இது துப்பறியும் கதையின் கேள்வி. அதைவிட, ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளட்டும் என்று நாமே ஏங்கத் தொடங்குகிறோம், ஏனென்றால் அவனால் அதைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. துப்பும் மனசாட்சியும் ஒரே நூலாக முறுக்கிக்கொண்டு வருகின்றன. ஒன்றை உருவினால் மற்றதும் அறுந்துவிடும்.

கசுவோ இஷிகுரோ 2005-இல் எழுதிய ‘நெவர் லெட் மீ கோ’ நாவலில், உறுப்பு தானத்துக்காகவே குளோனிங் முறையில் நகலெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் வருகிறார்கள். அறிவியல் புனைகதை படித்துப் பழகிய நாம், எப்போது தப்பி ஓடுவார்கள் என்று காத்திருக்கிறோம். அவர்கள் ஓடவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சண்டை, தொலைந்துபோன ஒரு கேசட், யாருக்கு யார்மேல் காதல் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும் வாழ்நாள் அளவாகத்தானே இருக்கிறது, நாமும் அப்படித்தானே இருக்கிறோம் என்று தோன்றும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா இருந்தேன். அவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு கரையையும் இணைக்க நினைத்துத் தவறி விழுகிறவர்களும் உண்டு. இலக்கியக்காரர் ஒரு கொலையைக் கடன் வாங்குவார், முந்நூறு பக்கம் நம்மைக் காக்க வைப்பார், கடைசியில் பதிலே சொல்லாமல் அதை ஆழம் என்பார். வாசகரின் ஆவலை அவர் மதிக்கவில்லை. இன்னொரு பக்கம், விறுவிறுப்பான கதைக்குள் திடீரென்று இரண்டு பக்கத்துக்கு வானமும் தத்துவமும் வரும். அப்புறம் மறுபடியும் துரத்தல். பூசிய சாயம்போல அது ஒட்டாமல் நிற்கும்.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கதையின் புதிருக்கு விடை எங்கே இருக்கிறதோ, அங்கேயே உங்கள் பாத்திரத்தின் வலியையும் வையுங்கள்.

(மீண்டும் அதே அறை. திரை இப்போது பிரியவில்லை.)

முதல் காட்சிக்குத் திரும்பி வருவோம். மகன்தான் கொன்றவன். சின்ன வயதில் அப்பா அவனை இதே அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். சில நாள் மாலை முழுக்க, சில நாள் இரவு முழுக்க. கதவிடுக்கு வழியாக நூலை விட்டு வெளித் தாழ்ப்பாளை இழுக்க அந்தப் பையன் தானாகவே பழகிக்கொண்டான். அன்று உள்ளே இருந்து செய்ததை இன்று வெளியே இருந்து திருப்பிச் செய்திருக்கிறான்.

இப்போது துப்பறிவாளர் தாழ்ப்பாளைப் பார்க்காமல் இருக்க முடியாது. மகனின் பால்யத்துக்குள் போகாமல் தாழ்ப்பாளைப் புரிந்துகொள்ளவும் முடியாது. புதிருக்காகப் படித்தவரும் மனிதனுக்காகப் படித்தவரும் ஒரே பக்கத்தைத்தான் புரட்டியாக வேண்டும்.

(தாழ்ப்பாள் மட்டும் திரையில் தெரிகிறது. அதன் குமிழில் நூல் உரசிய மெல்லிய கோடு.)

துப்பறிவாளர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்க்கிறார். திரும்பி மகனிடம் கேட்கிறார்: “இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

அவன் கட்டிலைப் பார்க்கிறான். பிறகு சொல்லத் தொடங்குகிறான்.

“எனக்கு அப்போது ஏழு வயது.”