கண்ணகி கோட்டத்து நடைபாதை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, உழவர் சங்கப் பொறுப்பாளர்களே, நேரம் கடந்தும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். தேனி மாவட்டத்துப் பளியன்குடியிலிருந்து, இடுக்கி எல்லை மலைமேல் கண்ணகிக்கு எழுந்த கோயிலான மங்கலதேவி கோட்டத்துக்கு ஏறும் ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் நடைபாதையின் வரலாறு, அதன் பராமரிப்பு ஆகிய இரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுத்த காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலிய படிநிலைகள்தாம் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களாக நிற்கின்றன. இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிச் சேரன் செங்குட்டுவன் கொணர்ந்தது கண்ணகி என்னும் ஒரு பெண்ணின் நினைவுக்காக. அந்தக் கோட்டம் இருக்கும் இடத்தைத் தேடிப் பூம்புகாரிலிருந்து கண்ணகியின் வழியே நடந்து வந்து, இந்த மலையை நமக்குக் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். அடிமேல் அடி வைத்தவர் அவரன்றோ!

ஒரு சித்திரை முழுநிலவு நாளில் நான் இப்பாதையில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, ஒரு திருப்பத்தில் அமர்ந்துவிட்டேன். கீழே கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், மஞ்சள் கயிறும் வளையலும் முடிந்த துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு என்னைக் கடந்து போனார். “குமுளிப் பக்கம் ஜீப் போகிறதே, ஆத்தா, அதில் வந்திருக்கலாமே” என்றேன். அவர் நின்று, மூட்டையை இறக்காமலே, “அவ மதுரையிலயிருந்து நடந்துல்ல வந்தா தம்பி! நான் மட்டும் வண்டியில போயி இறங்குனா அவ மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?” என்று கேட்டுவிட்டு மேலே ஏறினார். நானும் எழுந்து பின்தொடர்ந்தேன். உச்சி வரை அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

அந்த ஆத்தாவின் பாதைக்காகவே இன்று மன்றாடுகிறேன். இதை வண்டிச்சாலையாக்க வேண்டாம். மழைநீர் பாதையின் வழியே ஓடி மண்ணை அரித்துச் செல்லாதபடி, சரிவான இடங்களில் குறுக்கே கல் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலே போதும். நடப்பவர் கால் நிலைக்கும், மலையும் நிலைக்கும். ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் கோட்டம் என்பதற்காக அதன் பாதையை மற்ற நாட்களில் மறந்துவிடலாகாது. முன்பு கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. அதனால் என்ன, அம்மி நகரும் வரை அடி வைப்போம்.

தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் அனுப்பவிருக்கும் புதிய மனு மேடையின் இடப்புறம் இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வணக்கம்.