எலும்புக்குப் பிடிமானம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எலும்புக்குள் உலோகம் வைக்கப் போகிறார்கள் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "உடம்பு அதை ஏத்துக்குமா டாக்டர்?" என்பதுதான். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் வந்து சேரும் ராஜாஜி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. நான் மருத்துவர் அல்ல. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். உள்ளே வைக்கும் உலோகத்தின் மேல்பரப்பை மாணவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து வருகிறேன். அந்த மேல்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டுமா, சொரசொரப்பாக இருக்க வேண்டுமா என்பதில்தான் அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1952-ஆம் ஆண்டு. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரம். பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக, டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைத் திரும்ப எடுக்கப் போனால், வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் பசை கிடையாது, சதை கிடையாது. எலும்பு நேராக உலோகத்தின் மேலேயே வளர்ந்திருந்தது. அவர் தேடிப் போனது ரத்த ஓட்டத்தை, கிடைத்தது இது. 1965-இல் முதல் நோயாளிக்குத் தாடையில் டைட்டானியம் திருகு வைத்து அதன் மேல் பல் கட்டினார். இன்றைக்கு நம் ஊரில் தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனைப் பலகைகளில் "இம்பிளாண்ட்" என்று எழுதியிருக்கிறதே, அதற்கெல்லாம் மூலம் அந்த முயல்தான்.

அந்தக் காலத்துத் திருகுகள் லேத்தில் கடைந்தபடியே உள்ளே போனவை. ஓரளவு வழவழப்பானவை. அதனால் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் சுமை ஏற்றாமல் காத்திருக்கச் சொன்னார் பிரோனமார்க். இன்று பல நோயாளிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் பல் கட்டிவிட முடிகிறது. இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, பரப்பைக் கரடாக்கியது.

கரடு ஏன் உதவுகிறது? உலோகம் உள்ளே போனதும் அதை முதலில் தொடுவது எலும்பு அல்ல, ரத்தம். ரத்தம் உறைகிறது. உறைந்த ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற நுண்ணிய இழைகளின் வலை உண்டாகிறது. எலும்பை உருவாக்கும் செல்கள் இந்த இழைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றை இழுத்தபடியே, உலோகத்தை நோக்கி நகர்ந்து வருகின்றன. பரப்பு வழவழப்பாக இருந்தால், செல்கள் இழுக்கிற இழுப்பில் வலை உலோகத்தை விட்டு உரிந்துவிடும். பாதை அறுந்துபோகிறது. செல்கள் வழியிலேயே நின்று அங்கேயே எலும்பு கட்டத் தொடங்கும். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி விழும். பரப்பில் நுண்ணிய குழிகள் இருந்தால் இழைகள் அவற்றில் சிக்கி நிற்கும், செல்கள் உலோகம் வரை வந்து சேரும், எலும்பு அங்கிருந்தே தொடங்கும்.

நம் உடம்பும் இதே வேலையைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறது. பழைய எலும்பை ஒருவகைச் செல்கள் அரித்துக் குழி குழியாக்கும். அந்தக் குழிப்பரப்பின் மேல் வேறுவகைச் செல்கள் வந்து புது எலும்பை இடும். சென்ட்ரிங் பலகை பிரித்த காங்கிரீட் தூணைப் பூசுவதற்கு முன்னால் கொத்தனார் உளியால் கொத்திவிடுகிறாரே, சாந்து பிடிக்க வேண்டும் என்று, அதே வேலைதான். கரடாக்கிய உலோகத்தைப் பார்க்கும் எலும்புச் செல்லுக்கு அது பழகிய இடம்.

எப்படிக் கரடாக்குகிறார்கள் என்று கேட்கலாம். கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு சாண்ட்பிளாஸ்டிங் புதிதல்ல. இங்கே மணலுக்குப் பதில் அலுமினா துகள்கள், கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவில். அழுத்தக் காற்றில் அவை டைட்டானியத்தில் மோத, பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். விரலை ஓட்டினால் லேசாக உராயும். ஆனால் வேலை இதோடு முடியவில்லை. மோதிய துகள்களில் சில உலோகத்திலேயே பதிந்துவிடும். அவற்றை உள்ளே அனுப்ப நாம் விரும்புவதில்லை. அடுத்ததாக ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து சூடாக்கிய கரைசலில் போடுகிறார்கள். பரப்பெங்கும் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்பும். வெளியே எடுத்தால் சாம்பல் நிறம் இன்னும் அடர்ந்திருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிங் தந்த பெரிய பள்ளங்கள், அந்தப் பள்ளங்களுக்குள் அமிலம் தின்ற சின்னக் குழிகள் என்று இரண்டு அடுக்காகத் தெரியும். பெரிய பள்ளத்தின் அகலம் 20 முதல் 40 மைக்ரான். சின்னக் குழி ஒன்றிரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பெரிய பள்ளத்தில் ஒரு செல்லே உட்காரலாம். சின்னக் குழியில் ஃபைப்ரின் இழை மாட்டிக்கொள்ளும்.

மாணவர்களுக்கு நான் விரும்பிக் காட்டும் ஒரு சோதனை உண்டு. அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிய புது டைட்டானிய வட்டின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால், அது உடனே பரவிப் பரப்பு முழுக்க நனைந்துவிடும். அதே வட்டைச் சில வாரம் சாதாரண டப்பாவில் வைத்திருந்து பிறகு சொட்டு விட்டால், நீர் உருண்டு நிற்கும். காற்றிலிருக்கும் கரிமப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிட்டதுதான் காரணம். கரடின் அளவு அப்படியேதான் இருக்கிறது; ஆனால் நீர் ஒட்டாத பரப்பில் ரத்தமும் முதல் நிமிடங்களில் எளிதில் பரவாது. சில பல் இம்பிளாண்டுகளைக் காற்றுப் படாமல் உப்புநீரில் மூழ்கவைத்தே அடைத்து விற்பது இதற்காகத்தான்.

இந்தக் கரடுக்குப் பலன் உண்டா என்று அளந்து பார்த்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, டேனியல் பூசர் என்பவரின் குழு 1991-இல் வெளியிட்டது. சிறு ரகப் பன்றிகளின் எலும்பில் பலவகைப் பரப்புகளை வைத்துப் பார்த்தார்கள். மின்முறையில் மெருகேற்றிய பரப்பில் 20 முதல் 25 சதவீத அளவுக்குத்தான் எலும்பு நேரடியாகத் தொட்டிருந்தது. பெரிய துகளால் பிளாஸ்ட் செய்து அமிலமும் இட்ட பரப்பில் அது 50 முதல் 60 சதவீதம். அதற்காகக் கரடு கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். டோமாஸ் ஆல்பிரெக்ட்சன், ஆன் வென்னர்பெர்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் பல் இம்பிளாண்டுகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரிக் கரடு, அதாவது மேடுபள்ளத்தின் சராசரி உயரம், 1 முதல் 2 மைக்ரான் இருக்கும்போதுதான் எலும்பின் பிடி நன்றாக இருக்கிறது என்றார்கள். சிமெண்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் செருகும் இடுப்பு மூட்டுத் தண்டுகளில் இது இன்னும் கூடுதல். சில 4 முதல் 6 மைக்ரான் வரை போகும்.

இப்போது வழவழப்பு வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து, ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. நம் ஊருக்குப் பெருமையான சங்கதி. அந்தக் கடினவகை லென்ஸ் செய்யப்படும் பிளாஸ்டிக்கின் பெயர் பிஎம்எம்ஏ. ஒளி சிதறாமல் போக வேண்டும், கண்ணின் மெல்லிய சவ்வை உரசக்கூடாது என்பதால் அதற்கு எவ்வளவு மெருகு கொடுத்தாலும் தகும். அதே பிஎம்எம்ஏதான், பொடியும் திரவமுமாகக் குழைக்கப்பட்டு, மூட்டு மாற்று அறுவையில் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே நிரப்பும் எலும்பு சிமெண்டாகப் போகிறது. ஜான் சார்ன்லி 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலைநிறுத்திய இடுப்பு மூட்டு அறுவை இந்த சிமெண்டை நம்பித்தான் இருந்தது. இன்றும் முழங்கால் மாற்று அறுவைகளில் பெரும்பாலும் சிமெண்ட்தான்.

சிமெண்டோடு சேரும் உலோகத்தையும் கரடாக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று யாருக்கும் தோன்றும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் அப்படித்தான் நடந்தது. ராபின் லிங் என்ற அறுவை மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் வடிவமைத்த இடுப்பு மூட்டுத் தண்டு, 1970-இல் மெருகேற்றிய பரப்போடு வந்தது. 1976-இல் அதை மங்கலான, சற்றுச் சொரசொரப்பான பரப்பாக மாற்றினார்கள். ஆனால் அந்த மங்கல் தண்டுகள் அதிகம் தளர்ந்தன. 1986-இல் மறுபடி மெருகுக்கே திரும்பினார்கள். காரணம் எனக்கு மிகவும் பிடித்தமான பாடம். கீழ்நோக்கிக் குறுகும் மெருகான தண்டு, நடக்கும்போது சிமெண்டுக்குள் மிக லேசாக இறங்கி, ஆப்பு போல் தன்னை இறுக்கிக்கொள்ளும். கரடான தண்டோ அசையும் ஒவ்வொரு முறையும் சிமெண்டைத் தேய்த்துத் தூளாக்கும். அந்தத் தூளே சுற்றியுள்ள எலும்பை அரிக்க வழிவிடும். உயிருள்ள எலும்பு கரட்டுக்குள் வளர்ந்து பூட்டிக்கொள்ளும். சிமெண்டுக்கு உயிர் இல்லை, அது வளராது.

விபத்தில் உடைந்த காலுக்கு வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் இன்னொரு ரகம். நான்குவழிச் சாலையில் பைக் விபத்துக்குள்ளான எத்தனையோ இளைஞர்கள் காலில் இவற்றோடு நடமாடுகிறார்கள். எலும்பு கூடும் வரை தாங்குவதுதான் இவற்றின் வேலை. பிறகு சிலருக்கு எடுத்துவிட வேண்டியிருக்கும். எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டால் எடுக்கும் அறுவையே பெரும் போராட்டமாகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் கடினம். அதனால் இங்கே மெருகேற்றிய பரப்புதான் பொருத்தம்.

கரடுக்கு வேறு விலையும் உண்டு. டைட்டானியம் கீறலைப் பொறுக்காத உலோகம். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கூர்மையான பள்ளமும் விரிசல் தொடங்குகிற இடமாகலாம். வளைவுச் சுமை அதிகம் விழும் பகுதியில் கரடைக் குறைப்பது அதற்காகத்தான். கிருமிகளுக்கும் கரடு பிடிக்கும். பல் இம்பிளாண்டில் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி கரடாக இருந்தால் அங்கே கறையும் கிருமியும் சேர்ந்து, எலும்பையே கரைக்கும் அழற்சி வரும். தினமும் துலக்குவதில் அலட்சியம் இருக்கிறவர்களுக்கு இது சின்ன ஆபத்தல்ல.

சிமெண்ட் இல்லாத மூட்டோ, பல் இம்பிளாண்டோ வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வைத்த அன்று இருக்கும் இறுக்கம், செருகிய இறுக்கம். அடுத்து வரும் வாரங்களில் நசுங்கிய பழைய எலும்பை உடம்பு அரித்து அகற்றுகிறது. புது எலும்போ இன்னும் முழுதாக வந்திருக்காது. மூன்றாவது, நான்காவது வார வாக்கில் பிடி குறைந்திருக்கும் ஒரு கட்டம் வரும். வலி குறைவதும் அந்த நேரத்தில்தான். "வலிதான் போயிடுச்சே" என்று வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு மாடிப்படி ஏறத் தோன்றும் நேரம் அது. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு 40 மைக்ரான் அளவுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டி அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் மெத்தென்ற நார்த்திசு வளரும். எவ்வளவு அருமையாகக் கரடாக்கிய பரப்பும் அங்கே வீணாகும். பீடி, சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைத்து இந்த வளர்ச்சியைத் தடுக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படித்தான்.

அதனால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "சிமெண்ட் போட்ட மூட்டா, போடாததா? எத்தனை நாளில் முழு எடையும் ஊன்றலாம்?" இரண்டுக்கும் நடைப்பயிற்சி வேறுபடலாம். பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளே நடந்தார் என்பதை நம் காலுக்குக் கணக்காக வைக்கக்கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்பிளாண்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த ரகம், எந்த அளவு, எந்த லாட் எண் என்று அதில்தான் இருக்கும். அதை ஒரு நகல் எடுத்து ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த மூட்டை மறுபடி திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது கரடா மெருகா, எப்படிக் கழற்றுவது என்று புது மருத்துவர் திட்டமிட அந்தச் சின்னக் காகிதம் கட்டாயம் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.