‘முடியவில்லை’ என்று ஒரு நாவல்

வணக்கம். உடம்பு சரியில்லையா, ‘முடியல’ என்கிறோம். நண்பன் மொக்கை ஜோக் அடித்தாலும் ‘முடியல’தான். பல் தேய்க்கச் சொன்னால் குழந்தை ‘முடியாது போ’ என்கிறது. அதற்குக் கையில் பலம் இல்லாமல் இல்லை, மனசில்லை. இத்தனை வேலை பார்க்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டைத் தமிழாக்க உட்கார்ந்து மாட்டிக்கொண்டவன் நான்.

‘லினொமாப்ல்’ 1953இல் பாரிஸில் வந்த அவருடைய பிரெஞ்சு நாவல். 1958இல் அவரே ஆங்கிலமாக்கி வெளியிட்டார். பெயரிட முடியாதவன் என்று வைக்கலாம். பாருங்கள், தலைப்பிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கதை என்று கேட்காதீர்கள். ஒரு குரல் பேசுகிறது. பேசாமல் இருக்க அதனால் முடியாது, நிறுத்தவும் முடியாது. நடுவில் கைகால் இல்லாத ஒருவன் வருகிறான். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ஜாடிக்குள் நட்டு வைத்தாற்போல் இருக்கிறான். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை அந்த ஜாடியில்தான் மாட்டியிருக்கிறார்கள். முடியாமை இதைவிடக் கண்ணுக்குத் தெரிய முடியுமா? கடைசிப் பக்கங்களிலோ முற்றுப்புள்ளியே மறந்துபோய் காற்புள்ளியிலேயே ஓடுகிறது.

அந்த ஓட்டம் நிற்கிற இடம்: ‘தொடர வேண்டும், என்னால் தொடர முடியாது, தொடர்வேன்.’ முதல் பிரெஞ்சுப் பதிப்பில் நடுத்துண்டு கிடையாது. ஆங்கிலமாக்கும்போதுதான் அந்த ‘முடியாது’ உள்ளே வந்தது. பிறகு பிரெஞ்சுக்கும் போனது.

இங்கே நம் இலக்கணம் ஒரு வேலை செய்கிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘நான்’ எழுவாயாக நிமிர்ந்து நிற்கும். தமிழில் ‘என்னால்’ என்று ஒதுங்கிவிடுகிறது. ‘முடியாது’ என்ற வினையில் ஆள் அடையாளமே இல்லை. முதல் பக்கத்திலேயே ‘நான் என்கிறேன், நம்பிச் சொல்லவில்லை’ என்கிற குரலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்?

ஆனால் ‘முடியாது’ என்றால் அந்தக் குழந்தையின் அடம் கேட்கிறது. ‘இயலாது’ அரசாணை மாதிரி. கடைசியில் ‘தொடர வேண்டும், முடியவில்லை, தொடர்வேன்’ என்று எழுதினேன். தனியாக நிற்கிற ‘முடியவில்லை’யில் திறன் இல்லை என்பதும் இருக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை என்பதும் இருக்கிறது. முடிவும் முடிதலும் ஒரே வேரில் இருப்பது பெக்கெட்டுக்குக் கிடைக்காத வசதி. பதிலுக்கு அவருடைய ‘தொடர’ மூன்று முறை சுத்தியல் மாதிரி விழுகிறது. என்னிடம் இரண்டு அடிதான். அதனால் நோட்டில் அந்த வரி இன்னும் பென்சிலிலேயே கிடக்கிறது.