தியரி ஹென்றி முத்தமிட்ட புல் இன்று யார் வீட்டு முற்றம்?

வணக்கம் நண்பர்களே! 2006 மே 7. விகான் அணிக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்த ஆர்சனல் வீரர் தியரி ஹென்றி, மண்டியிட்டுக் குனிந்து புல்லை முத்தமிடுகிறார். லண்டனின் ஆர்சனல் அணி தன் சொந்த மைதானமான ஹைபரியில் ஆடிய கடைசி ஆட்டம் அது. அந்தப் புல்தரை இன்று பூந்தோட்டம். சுற்றிலும் 600-க்கும் மேற்பட்ட வீடுகள். ஜன்னலைத் திறந்து பல் துலக்கிக்கொண்டே நடுக்களத்தைப் பார்க்கலாம். பொறாமையாக இல்லையா?

பழைய கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 1913 வரை அணி இருந்தது தெற்கு லண்டனில். கூட்டமும் இல்லை, காசும் இல்லை. தலைவர் ஹென்றி நாரிஸ் அணியைத் தேம்ஸ் நதிக்கு வடக்கே கொண்டுவந்து, ஓர் இறையியல் கல்லூரியின் விளையாட்டுத் திடலை 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். நில உரிமையாளர்கள் பக்திமான்கள் அல்லவா, புனித வெள்ளியிலும் கிறிஸ்துமஸிலும் ஆட்டம் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். 1935-இல் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு 73,295 பேர் வந்தார்கள். 1966-இல் முகமது அலி இங்கே வந்து குத்துச்சண்டையே போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்!

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சுரங்க ரயில் நிலையம். பெயர் கில்லஸ்பி ரோடு. அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனுக்கு அந்தப் பெயர் கண்ணை உறுத்தியது. ரயில் நிர்வாகத்தை விடாமல் துளைத்தெடுத்தார். 1932-இல் நிலையத்தின் பெயரே ஆர்சனல் ஆகிவிட்டது! பெயர்ப்பலகை, வரைபடம், டிக்கெட் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், லண்டன் ரயில் வரைபடத்தை விரிக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் கிளப்பின் பெயர் படும். பைசா செலவில்லாத விளம்பரம். என்னைக் கேட்டால், சாப்மன் வென்ற கோப்பைகளைவிட இதுதான் பெரிய வெற்றி. சண்டை போட விரும்புகிறவர்கள் கமெண்டுக்கு வாருங்கள்.

இதற்குள் இன்னொரு வேடிக்கை. ஆர்சனல் என்றால் ஆயுதக் கிடங்கு. 1886-இல் அணியைத் தொடங்கியவர்கள் தெற்கு லண்டன் வுல்விச்சில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள். அதாவது, நதிக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையின் பெயர், இந்தப் பக்கத்து ரயில் நிலையத்தில் குடியேறிவிட்டது. தொலைந்துபோன பயணி எவராவது வுல்விச்சைத் தேடி இங்கே இறங்கியிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்!

2006-இல் கிளப் நடந்து போகிற தூரத்தில் எமிரேட்ஸ் மைதானத்துக்குக் குடிபோனது. ஹைபரியில் பழைய கிழக்கு ஸ்டாண்டின் முகப்பு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் தப்பியது. நிலையத்தின் பெயரும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் எப்போதாவது அங்கே இறங்கினால், உடனே வெளியே ஓடாதீர்கள். நடைமேடைச் சுவரைப் பாருங்கள். ஓடுகள் பதித்த பெரிய எழுத்துகளில், சாப்மன் விரட்டியடித்த அதே பெயர் இன்னும் இருக்கிறது: கில்லஸ்பி ரோடு.