கான் 2015: கரும்புக்காட்டுச் சாம்பல்

வணக்கம் நேயர்களே. தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பில் சோற்றை வைத்தபடியே வானொலி கேட்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் இந்தப் பேச்சைத் தயாரித்தேன்.

2015 மே மாதம் பிரான்சின் கான் நகரில் 68ஆவது திரைப்பட விழா நடந்தது. முதல் பரிசான தங்கப் பனை ‘தீபன்’ படத்துக்குப் போனது. எடுத்தவர் ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சுக்காரர், ஆனால் படத்தில் பெரும்பாலும் நம் தமிழ்தான். நாயகனாக நடித்தவர் யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. பனை விளைந்த மண்ணுக்கே பனை போனது, பொருத்தம்தான். நம் மலையகத்தில் பனை ஏது? எனக்கும் அன்று சந்தோஷம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்த பரிசு வேறு. அங்கே முதல் படம் எடுப்பவர்களுக்குத் தங்கக் கேமரா என்று ஒன்று கொடுப்பார்கள். தங்கக் கேமரா, மறந்துவிடாதீர்கள். அந்த வருடம் அதை வாங்கியவர் கொலம்பியாவின் சேசர் அசெவேதோ. படத்தின் பெயரைத் தமிழில் ‘மண்ணும் நிழலும்’ எனலாம்.

நாலா பக்கமும் கரும்பு, நடுவே ஒரு வீடு. கரும்புக்குத் தீ வைத்தால் சாம்பல் மழையாகக் கொட்டுகிறது. மகன் மூச்சு வாங்க முடியாமல் படுத்துக் கிடக்கிறான், ஜன்னலைத் திறக்க வழியில்லை. வருடக்கணக்காக வீட்டை விட்டுப் போயிருந்த தகப்பன் திரும்பி வருகிறார். கிழவியும் மருமகளும் கத்தியோடு கரும்பு வெட்டப் போகிறார்கள். வேலை நடக்கிறது, கூலி மட்டும் வரவில்லை. சரி, இது எந்த ஊர்க் கதை?

இந்தப் படத்தை எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒருமுறை போட்டேன். சுவரில் வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர். பேசுவது ஸ்பானிய மொழி, கீழே ஓடுவது ஆங்கிலம். மெதுவாக நகர்கிற படம் வேறு. உண்மையைச் சொல்கிறேனே, அரை மணி நேரத்தில் பாதிச் சனம் எழுந்து போய்விட்டது. இளைஞர்கள்தான் முதலில் போனார்கள்! முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் அசையவில்லை. பாவம், புரியாதே என்று பக்கத்தில் போய்க் கதை சொல்லத் தொடங்கினேன்.

“நீங்க சும்மா இருங்க மாஸ்டர். அந்தா நிக்கிறானே, அவன் கணக்கப்பிள்ளைதானே? சம்பளத்த நிப்பாட்டிட்டான்.”

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன். படம் முடிந்து வேட்டியை மடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். “அவங்களுக்கு ஜன்னல் இருந்தும் தொறக்க முடியல. நம்ம காம்பராவுல தொறக்க ஜன்னலே இல்லையே” என்றார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். பிறந்ததும் அதே லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2015இல் கானில் நம் மொழிக்குக் கிடைத்தது தங்கப் பனை. லயத்துக்காரர் பிழைப்பை ஒத்த கதைக்குக் கிடைத்ததோ தங்கக் கேமரா. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசினோம், இரண்டாவது நம் காதில் விழவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார். ஒரே நிமிடமாம். அதே தங்கக் கேமராவை 2005இல் நம் இலங்கை இயக்குநர் விமுக்தி ஜயசுந்தர பகிர்ந்து பெற்றார். 1957இலேயே நம் நாட்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘ரேகாவ’ படம் கான் போட்டிக்குப் போய்விட்டது. கைபேசியில் குறும்படம் எடுக்கிற ஹட்டன், பதுளைப் பிள்ளைகளுக்கு இதைத்தான் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், தாளில் இரண்டு பக்கம் அப்படியே இருக்கிறது. பாட்டியின் கதையிலேயே நேரம் போய்விட்டது. அடுத்தது செய்திகள். வணக்கம்.