வலையை அறுத்த கை

நேயர்களுக்கு வணக்கம்.

மனிதனும் விலங்குகளும் என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் பிறந்து வளர்ந்தது பெரியபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விலங்கைப் பற்றிப் பேசுகிறேன். பாடப்புத்தகத்தில் அதைக் கடல்பசு என்று எழுதியிருப்பார்கள். எங்கள் கரையில் ஆவுளியா என்போம்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். திருக்கை மீனுக்கு விரித்த வலையில் மாட்டிச் செத்த ஒரு ஆவுளியாவைக் கரைக்கு இழுத்து வந்திருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தும் சிரமமாக இருந்தது. ஊரே கூடிவிட்டது. கூறு போடுவதற்காக மல்லாக்கப் புரட்டினார்கள். கை மாதிரி இருக்கும் துடுப்புக்கு அடியில், அக்குள் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து மணலில் இறங்கியது. "பாலுடா" என்றார் அப்பா. அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்பத்தா கூறு வாங்கக் கொண்டுவந்த ஓலைப் பெட்டியை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டில் அன்று கஞ்சியும் துவையலும்தான். மற்ற வீடுகளில் கறி வெந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அடுப்பு எரியாத நாட்கள் நிறைய இருந்த ஊர் அது.

ஆவுளியா மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டி மூச்சு வாங்க வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் கடலுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிறது. வளர்ந்தது 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். 70 வயது வரை வாழக்கூடிய பிராணி. இப்படி நிதானமாகப் பெருகும் இனத்தில், ஒரு தாய் வலையில் போய்விட்டால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியாவை முதல் அட்டவணையில் வைத்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் நடுக்கடலில், இருட்டில், நாலு பேர் நிற்கிற வத்தை என்கிற சின்னப் படகில் சட்டப் புத்தகம் யாரும் வைத்திருப்பதில்லை. அங்கே முடிவெடுப்பது ஒரு மீனவனின் கை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தம்பி மகன் நாட்டுப்படகில் தொழில் செய்கிறான். போன வருடம் ஒரு விடியற்காலை, வலையை மேலே இழுக்கும்போது கனம் தாங்கவில்லையாம். பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்திருக்கிறார்கள். "புஸ்ஸுன்னு மூச்சு கேட்டுச்சு பெரியப்பா. பக்கத்துல இன்னொரு சின்ன மூச்சு. குட்டி. வலைக்கு வெளியே சுத்திச் சுத்தி வந்துச்சு" என்றான். தாய் இன்னும் உயிரோடு இருந்தது. வாலில் வலை முறுக்கிப் பிடித்திருந்தது. கழற்றிப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை. கத்தியை எடுத்து அறுத்துவிட்டான். வலை பெரிதாகக் கிழிந்தது. அன்றைக்கு மீன்பாடு இல்லை. புது வலை வாங்குகிற வரை, அப்புறம் வந்த நாட்களிலும் இல்லை.

உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று மேடையில் சொல்வது எளிது, நானும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அந்த அன்பு புது நைலான் வலைக்கு வாங்கிய கடனாக இருந்தது. வட்டி கட்டினான். இப்படி விடுவிக்கிற மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் தருகிறது, பலர் வாங்கியும் இருக்கிறார்கள். இவன் அன்று கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். காட்டுவதற்குப் படம் இல்லை. சன்மானம் கேட்கவும் போகவில்லை. "காசுக்கா பெரியப்பா அறுத்தேன்?" என்றான். அவன் மனசு பெரிது, சரி. அதற்காகச் செலவு முழுவதையும் அவன் தலையில் விடுவது நியாயமா? கடலில் ஒரு உயிரைக் காப்பாற்றுவது நம் எல்லோருக்கும் வேண்டியதென்றால், கிழிந்த வலைக்கும் நாம் எல்லோரும்தான் பொறுப்பு.

ஆவுளியா தின்பது புல். ஆழம் குறைந்த இடங்களில் கடலடியில் மண்டிக் கிடக்கிற கடல்தாழைதான் அதன் மேய்ச்சல் நிலம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கிற இடமும் அதுவே. இழுவை மடி வலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு போனால் புல் வேரோடு வந்துவிடும். பிறகு ஆவுளியாவுக்கு இரை இல்லை, நமக்கும் மீன் இல்லை. 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. புல் இருக்கிற இடமெல்லாம் அது மேயும்.

எங்கள் கரையில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைச் சொல்லாமல் போக முடியாது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிக்கிறார்கள். என் மதினி நாற்பது வருடம் இந்த வேலை செய்தவர். மாதம் முழுக்கப் போனால் பாசி தழையாது என்று அவர்களே பேசி நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டக்கூடாது என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான். யார் மீறினாலும் மதினிக்குக் கோபம் வரும். "அடிவேர விட்டாத்தானடி அடுத்த மாசம் வரும்" என்று கரையில் நின்று சத்தம் போடுவார்.

எல்லாவற்றிலும் இப்படி இருந்தோம் என்று சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் உண்டு. இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. என் தாத்தா அந்தக் கல்லைத்தான் வெட்டினார். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் பவளத்தின் பூ வடிவம் அப்படியே தெரியும். சின்ன வயதில் அதில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். இப்போது தொட்டால் கை கூசுகிறது.

இங்கே கிளம்பி வருவதற்கு முன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அறுத்த வலையைக் கடன் அடைந்த பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, தம்பி மகன் இப்போது பொத்தித் தைத்துக்கொண்டிருக்கிறான். அதே நிறத்தில் நூல் கிடைக்கவில்லை. நீல வலையின் நடுவில் பச்சை நூலால் ஓர் ஆள் உயரத்துக்கு ஒட்டு. அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இந்த ஓட்டை வழியாத்தான் ஆவுளியா போச்சு, தாத்தா" என்று என்னிடம் காட்டினாள்.

நன்றி, வணக்கம்.