சுவர் ஏன் விழுந்தது?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது, எந்தப் பக்கத்திலிருந்து பேசுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். மனுப் போட்டவர்கள் பேசி நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அந்த மனுக்களை வாங்கிய ஆள். இந்த மலையில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஆறு வருஷம் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊரும் அதுதான்.

சட்டத்தின் மேல்தோல் எல்லோருக்கும் தெரியும். 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997இல், சொந்தமாக ஒரு சட்டம் போட்டிருந்தது. மாநிலங்களில் நாம்தான் முதல். ஆனால் அதில் கொடுக்கலாம் என்பதைவிட, கொடுக்க வேண்டாம் என்பதற்குத்தான் இடம் அதிகம். சரி, அதை விடுங்கள். இப்போது ஒரு வெள்ளைத்தாளில் கேட்பதை எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டிக் கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வந்தால் அலுவலரே எழுத உதவ வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

உங்கள் மனு உள்ளே வந்ததும் என்ன நடக்கும்? தபாலைப் பிரிக்கிறவர், "சார், ஆர்டிஐ" என்று கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். உடனே எழும் கேள்வி, "யார் போட்டது?" என்ன கேட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான். தெரிந்த பெயர், வம்பு பேர்வழி, எதிர்க்கோஷ்டி என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகே தாளைப் படிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். படித்தவுடன் கை தானாக மூன்று கதவுகளைத் தேடும். வேறு அலுவலகத்துக்குத் தள்ள முடியுமா? (தள்ளலாம், ஆனால் ஐந்து நாளுக்குள் தள்ள வேண்டும்.) அடுத்தவரின் சொந்த விவரம் என்று சொல்ல முடியுமா? இரண்டும் இல்லை என்றால், 'தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை.' இந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். 2009 நவம்பரை நம் மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது, மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அதற்கு அப்புறம் தடுப்புச்சுவர் என்றால் நம் எல்லோருக்கும் காது நிமிரும். அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, போகிற பாதைக்குக் கீழே நாங்கள் கட்டிய தடுப்புச்சுவர், முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே வயிறு தள்ளிக்கொண்டு சரிந்தது. சுவருக்குக் கீழே ஒரு பெரியவரின் தேயிலைத் தோட்டம், ஒரு ஏக்கர்கூட இராது. அவர் மனுப் போட்டார். ஒரே கேள்வி: 'சுவர் ஏன் விழுந்தது?'

நானும் ஒரே வரியில் பதில் எழுதினேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டப்படி அது சரியான பதில், அதுதான் வேடிக்கை. அலுவலகத்தின் ஏட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும், ஏட்டில் இல்லாத காரணத்தையோ கருத்தையோ புதிதாக உண்டாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சொல்லியிருக்கிறது. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எங்களுக்குச் சர்க்கரை மாதிரி.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் நேரில் வந்தார். நனைந்த குடை, மப்ளர், கூடவே பிளஸ் டூ படிக்கிற பேத்தி. "சார், பதில் வந்துச்சு, ஒண்ணும் புரியலை" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் அந்த ஒரு வரிக் கடிதத்தை நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "உட்காருங்கய்யா" என்று சொல்லி, எப்படிக் கேட்க வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். காரணத்தைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள். இந்த வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தம், பில், எம் புக் எனப்படும் அளவுப் புத்தகம் ஆகியவற்றை நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள் என்றேன்.

நேரில் பார்ப்பது. இதைச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் கேட்டால் எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்வோம். கோப்பைப் பார்க்கிறேன் என்றால் எந்தப் பக்கம் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. கோப்பை மட்டுமல்ல, நடக்கிற வேலையையே பார்க்கலாம், சிமென்டு, ஜல்லி என்று பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கலாம். சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே இருக்கிறது. என் ஆறு வருஷத்தில் பார்வையிட வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். எல்லோரும் நகல், நகல் என்றே கேட்கிறார்கள்.

தாத்தாவும் பேத்தியும் ஒரு நாள் காலை வந்தார்கள். மேஜையில் எம் புக்கை வைத்தேன். பெண் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நீளம், உயரம், அஸ்திவார ஆழம். ஓர் இடத்தில் நின்றாள். இந்த மாதிரிச் சுவரில் இடைவெளி விட்டுக் குழாய்த் துண்டு வைப்பார்கள், பின்னால் மண்ணில் தேங்கும் தண்ணீர் வடிய. வடியாவிட்டால் அந்தத் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். "சார், இதுல குழாய் 24னு இருக்கு. நிக்கிற பாதிச் சுவத்துல எண்ணினேன், நாலுதான்" என்றாள். மீதி பாதியில் 20 இருந்ததா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தின் நகல் கேட்டாள், 2 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மார்ச்சில் சுவரை மறுபடி கட்டினார்கள், குழாயோடு. மனுவால்தானா என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால்? நம் ஊர் ஈரத்தில் காகிதம் அப்பளம் மாதிரி நமத்துப் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுக்கலாம் என்று 8ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் 'காணவில்லை' என்று ஒன்று கிடையாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளை எழுத்தாகப் போட்டுவிடுவார்கள்: ஆர் டிஸ் என்றால் நிரந்தரம், டி டிஸ் 10 ஆண்டு, கே டிஸ் 3, எல் டிஸ் ஒரே ஆண்டு. அழித்துவிட்டோம் என்றால், எந்த வகையில் முடிக்கப்பட்டது, அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கம் எங்கே என்று அடுத்த 10 ரூபாய்க்குக் கேளுங்கள். அழித்ததற்கும் ஒரு தாள் உண்டு. இல்லையென்றால் அது அழிக்கப்படவில்லை, பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைச் சுவரே தின்றுவிட்டது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவர்கள் கேட்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எங்கள் சங்கத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று சங்கத்தில் சொல்லலாம். கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கொன்றில் 2013இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். அரசுப் பணம் கணிசமாக இல்லாத சங்கத்துக்கு அது சரிதான். ஆனால் அதே தீர்ப்பில், சங்கங்களைக் கண்காணிக்கும் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடம் கேட்டு வாங்கக் கூடிய விவரத்தைப் பதிவாளரிடம் நாம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. ஆகவே மனுவைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள், பதிவாளருக்கு அனுப்புங்கள்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. 30 நாள் தாண்டிப் பதில் வந்தால் நகலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பதில் வரவில்லை, அல்லது வந்தது பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் அசையவில்லையா, 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். அபராதம் நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை, அலுவலரின் சொந்தப் பையிலிருந்து. அந்த 25,000 எங்களை எப்படித் தூங்கவிடாமல் செய்தது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

பதிலுக்கான 30 நாள் கணக்கு மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஆர்டிஐ மனுவைக் கண்டால் மட்டும் மைப்பெட்டி காய்ந்துபோகும்.

வணக்கம்.